மார்பு வளர்க்கும் மூலிகையும் என் இடது சிறுநீரகமும்

கர்ப்பப்பை இல்லாத எனக்கு மாதவிலக்கு வலி வந்தது. இப்படித்தான் ஆரம்பித்தது.

காரைக்குடியில் செக்காலை ரோட்டில் ஒரு மாடிக் கடையில் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். அன்று ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை வெட்டுவதற்காக மேசைமேல் குனிந்தேன். இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி கிளம்பி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றில் இறங்கியது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமான வலி. ஆனால் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் முந்தைய ஆண்டே எடுத்துவிட்டார்கள். வலி வருவதற்கு வழியே இல்லை.

வீட்டில் சொன்னேன். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்றார் என் கணவர். கடைக்கு வந்த ஓர் அம்மா, இல்லாத இடம் எப்படி வலிக்கும் என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

இதைக் கர்ப்பப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்காவது ஒருத்தி சொல்லட்டும்.

எனக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கவேண்டிய திசுவைப் போன்ற ஒன்று, வெளியே வயிற்றுக்குள் கண்ட இடங்களில் ஒட்டி வளர்வது). மாதம் பிறந்தால் நாலைந்து நாள் சுருண்டு கிடப்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படி, மகள் பிறந்த பிறகும் அப்படி. எல்லாப் பொம்பளைக்கும் இருப்பதுதான் என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. இனி எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் மருத்துவர். சரி என்றேன்.

வலி நின்றது. அதற்காக அந்த மருத்துவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் தையல் பிரித்து அனுப்பும்போது அவர் சொன்னது இரண்டே விஷயம்: கனம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சினைப்பை போனால் அது சுரந்த ஈஸ்ட்ரோஜனும் (பெண் உடம்பின் முக்கிய ஹார்மோன்) போய்விடும் என்று சொல்லவில்லை. திடீரென்று வேர்க்கும், தூக்கம் கெடும், தோல் வறளும், மார்பு தளரும் என்று சொல்லவில்லை. உள்ளே குடலையும் சிறுநீர்க் குழாயையும் ஒட்டியிருந்த திசுவை முழுதாக எடுக்க முடியவில்லை, கொஞ்சம் தங்கிவிட்டது, ஹார்மோன் இல்லாததால் அது அடங்கிக் கிடக்கும் என்றும் சொல்லவில்லை. இந்தக் கடைசி விஷயம் ஒன்று தெரிந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் நடந்திருக்காது.

நாள் முழுக்க மற்றவர்களின் மார்பளவு எடுக்கிறவளுக்குத் தன் அளவு குறைவது தெரியாமல் போகுமா? என் ஜாக்கெட்டுகள் முன்பக்கம் தொளதொளத்தன. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மறுபடியும் பிடித்தேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் தையற்காரியையும் பார்க்கத்தான் செய்வார்கள். ஆளே உருகிப்போய்விட்டீர்களே என்பார்கள். ஒரு வளைகாப்பு வீட்டில், கர்ப்பப்பை எடுத்தவள் பாதிப் பொம்பளைதான் என்று என் காதுபடப் பேசினார்கள். என் கணவர் அப்படி எதுவும் பேசுகிறவர் இல்லை. எனக்கு ஓய்வு வேண்டும் என்று பக்கத்து அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

அப்போதுதான் மதினி வந்தார். என் அண்ணன் மனைவி. திருக்கோஷ்டியூரில் இருக்கிறார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன காளீசு, இப்படி வத்திப் போயிட்ட? ஆப்பரேசன் பண்ணுனா இது கொறையத்தான் செய்யும். நம்மகிட்ட ஒரு மூலிகை இருக்கு. மூணு மாசம் சாப்பிடு, பழையபடி ஆயிருவ."

"மருந்தா மதினி?"

"மருந்தெல்லாம் இல்லத்தா. வெந்தயம், தண்ணிவிட்டான் கெழங்கு, அதிமதுரம், அப்படித்தான். வெந்தயத்துல என்ன பக்க விளைவு வரப்போகுது?"

மதினி ஏமாற்றுகிறவர் இல்லை. ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்திருந்தார். ஒருவர் வாங்கி, அவர் நாலு பேரைச் சேர்த்துவிட்டு, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்கும் வியாபாரம். அவரும் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ரோஸ் நிற டப்பா. அதன்மேல் தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண் படம். 'பெண்மையை மீட்டெடுங்கள்' என்று பெரிய எழுத்து. நூறு சதவீதம் இயற்கை, பக்க விளைவு இல்லை என்று சின்ன எழுத்து. யார் சாப்பிடக் கூடாது என்று எந்த எழுத்திலும் இல்லை.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. மார்பு கனத்தது, தொட்டால் நொந்தது, பிடித்துத் தைத்த ஜாக்கெட்டை நானே பிரித்துவிட்டேன். சந்தோஷப்பட்டேன். ஹார்மோன் வேலையைச் செய்யும் ஒரு பொருள் மார்போடு நின்றுவிடுமா, உடம்பில் வேறெங்கெல்லாம் போகும் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் அந்த வலி.

காரைக்குடியில் வயிற்று மருத்துவரிடம் போனேன். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறைக்கவில்லை. சாப்பாடு மாதிரி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? வாயுவுக்கு மருந்து எழுதினார். அது கேட்கவில்லை. இன்னொருவர், குனிந்து வேலை பார்ப்பதால் இடுப்புத் தசைப் பிடிப்பு என்றார். கர்ப்பப்பை இல்லை என்றதும் எல்லோரும் அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டார்கள். வலி வந்து, போய், வந்து, கடைசியில் குளிர்காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரையில் சிறுநீரக அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவர் கேட்ட கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"வைத்தியர்கிட்ட, பார்லர்ல, சொந்தக்காரங்ககிட்ட, போன்ல பார்த்து வாங்குனது... பொடி, லேகியம், கேப்சூல், எதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

சொன்னேன். எதற்கு என்று கேட்டார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, மார்புக்கு என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எடுக்க முடியாமல் தங்கிய திசு அடங்கிக் கிடந்திருக்கிறது என்றார். அதிமதுரம் மாதிரி சில மூலிகைகளில் ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் பொருள் உண்டு, அளவுக்கு மேல் உள்ளே போனால் அந்தத் திசு மறுபடி விழித்து வளரலாம், டப்பாவில் எழுதாத ஹார்மோனைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்றார். வளர்ந்த திசு யூரேட்டரை (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்குச் சிறுநீர் இறங்கும் மெல்லிய குழாய்) நெரித்திருந்தது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகத்திலேயே தேங்கியிருந்தது.

"இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. சாப்பிடாமலே சில பேருக்கு வரும். ஆனா இன்னைக்கே நிறுத்திருங்க."

வெளியே நடைக்கூடத்தில், வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். கணவர் ஸ்கேன் உறையை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒன்னைய யாரு இதையெல்லாம் திங்கச் சொன்னா?" என்றார்.

அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அந்தக் கேள்வியில் பயம் போய்விட்டது.

"நீங்க ஒருத்தருதான் சொல்லல. ஊரே சொல்லுச்சு. ஆப்பரேசனுக்கப்புறம் ஒரு தடவையாச்சும் என்னைய நேராப் பாத்தீகளா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய் எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் என்னை விட்டு அவர் நகரவில்லை, வீட்டிலும் பாய் என் அறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நோய் வந்த பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான்: நீ என்ன செய்தாய்?

முதலில் ஸ்டென்ட் (அடைபட்ட குழாய்க்குள் வழிவிடுவதற்காக வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்) வைத்தார்கள். அது உள்ளே இருக்கும்வரை எப்போதும் மூத்திரம் முட்டுவது போலவே இருக்கும். வேகமாக நடந்தால் ரத்தம் கலந்து போகும். பயப்பட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடித்தால் தெளியும். ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஓடுங்கள். சில மாதம் கழித்து அறுவை செய்து, நெரித்த திசுவை அகற்றி, குழாயின் கெட்ட பகுதியை வெட்டி, மூத்திரப் பையில் புதிதாகப் பொருத்தினார்கள். சிறுநீரகம் பிழைத்தது, பாதி. மீதிப் பாதி தேங்கிய காலத்திலேயே செத்துவிட்டது.

ஸ்டென்ட் இருந்த நாட்களில் மதினி பார்க்க வந்தார். நானும்தானே சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் முதலில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் முகம் வெளிறியிருந்தது. குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டவரிடம் கேளுங்கள் என்றேன். என் எதிரிலேயே போனில் கேட்டார். குரல் பதிவாகப் பதில் வந்தது. உடம்பில் சேர்ந்திருந்த கழிவு வெளியேறும்போது அப்படித்தான் வலிக்கும், நிறுத்த வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுங்கள் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

மதினி அதை இரண்டு தடவை கேட்டார். பிறகு டப்பாக்கள் இருந்த பையைத் தன் காலடியிலிருந்து தள்ளி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனியின் கூட்டம் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கணவர் வேண்டாம் என்றார். மதினியோடு போனேன். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவர், பெண்கள் தன்னம்பிக்கையை இழக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். கேள்வி உண்டா என்றதும் எழுந்து நின்றேன். முந்தானையால் போர்த்திக்கொண்டு, ஸ்டென்ட் உறுத்தலோடு.

கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்தவர்கள் இதைச் சாப்பிடலாமா என்று டப்பாவில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் புன்னகை மாறாமல், உங்கள் மருத்துவர் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொன்னாரா என்றார். இல்லை என்றேன். பார்த்தீர்களா என்பது போலச் சபையைப் பார்த்தார். ஒரு நேர்மையான மருத்துவரின் தயக்கம் இவர்களுக்குக் கேடயமாகப் பயன்படுகிறது. அவர் சத்தியம் செய்ய மாட்டார். இவர்கள் எல்லாவற்றுக்கும் சத்தியம் செய்வார்கள்.

"உங்க நம்பரக் குடுங்கம்மா, தனியாப் பேசிக்குவோம்" என்றார்.

"தனியாப் பேசித்தான் இந்த நெலமைக்கு வந்து நிக்கிறேன். இங்கயே சொல்லுங்க."

பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஒருவர் வந்து என் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார். அப்போது மதினி எழுந்தார். கூட்டத்தில் வாய் திறந்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"கைய எடுங்க. இவ என் நாத்தனா. நாந்தான் இவளுக்குக் குடுத்தேன். நீங்க சொன்னீகன்னுதான் குடுத்தேன்."

பாட்டுச் சத்தத்தில் முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. நாங்கள் இறங்கி வரும்போது மண்டபப் படியில் மூன்று பெண்கள் பின்னால் வந்தார்கள். ஒருத்தி, எனக்கும் எடுத்தாகிவிட்டது, ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன் என்றாள். இன்னொருத்தி கையிலிருந்த டப்பாவைக் காட்டி, தூரப் போட்டுவிடவா அக்கா என்றாள். போடாதே, உன் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டு என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அரசு அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள், கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை. கம்பெனி டப்பாவின் நிறத்தையும் பெயரையும் மாற்றிவிட்டதாக மதினி சொல்கிறார். பூ வைத்த பெண் அப்படியே இருக்கிறாளாம்.

இப்போது எனக்கு மார்பு பழையபடி சுருங்கிவிட்டது. தங்கிய திசு மறுபடி வளராமலிருக்க மருத்துவர் கொடுத்திருக்கும் மாத்திரை அதை இன்னும் குறைக்கும். குறைந்துவிட்டுப் போகட்டும். வேர்த்தால் மின்விசிறிக்குக் கீழே போய் நிற்கிறேன். குனியும்போது இடது கை தானாகவே விலாவுக்குப் போகிறது, அங்கே ஒரு பாதி உயிரோடு இருப்பதை நான் மறக்கவில்லை என்று அதற்குச் சொல்வதுபோல.

போன வாரம் ஒரு பெண் துணி கொடுத்துவிட்டு எப்போது வரட்டும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லி, அவள் படியிறங்கிப் போன பிறகுதான் திகைத்தேன். வயதுக்கு வந்ததிலிருந்து யார் எந்த நாளைக் கேட்டாலும், அன்றைக்கு எனக்கு வலி இருக்குமா, எழுந்து நிற்பேனா என்று மனதுக்குள் விரல் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கும் அப்படித்தான், காதுகுத்துக்கும் அப்படித்தான். அன்று மடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அவளும் வந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.