மடியில் சுருட்டிய பச்சைக் கோட்டு

எனக்கு வந்த நெஞ்சுவலி வெறும் வாயு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குள் சாவதற்குத் தயாராகவே போனேன். பனியன் கிழிந்திருந்தது ஒன்றுதான் கவலை.

சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போனவள் ஒல்லியான கல்லூரிப் பெண். நாற்காலியை எடுக்கத் திரும்பியபோது பார்த்தேன், பச்சைக் கோட்டின் முதுகில் ‘சேவை மாணவி’ என்று கொட்டை எழுத்து. யாராவது கடந்துபோனால் நின்று, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். சாகப்போகிறவனுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்து எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தேன். “எல்லாப் பிள்ளைகளும் சேவை செய்யணுமாம்மா?”

“ஃபீஸ் கட்டுத பிள்ளைகளுக்குக் கிடையாது சார். உதவித்தொகை வாங்குத எங்களுக்குத்தான் நல்ல மனசு வேணுமாம். வரலன்னா தொகையை நிப்பாட்டிருவாவ.”

வளைவில் சிரிப்புச் சத்தம். சட்டென்று கோட்டைக் கழற்றிச் சுருட்டி என் மடியில் வைத்தாள். கூடப் படிக்கும் பெண்கள் இரண்டு பேர், யாரையோ பார்க்க ஆப்பிளோடு வந்தார்கள்.

“ஏட்டி, நீ என்ன இங்கன?”

“எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி.”

நான் கோட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு முனகினேன். உண்மையான வலிக்குக்கூட அவ்வளவு நன்றாக முனகியதில்லை.

அவர்கள் போனதும் கோட்டை எடுத்து, சுருக்கத்தை நீவி, மாட்டிக்கொண்டாள்.

“நான் தொகை வாங்குதது அவளுகளுக்குத் தெரியாது சார்,” என்றாள்.

ஈசிஜி அறை வாசலில் நாற்காலியை நிறுத்தினாள். “இறங்குங்க சார்.”

நான் கொஞ்ச நேரம் சித்தப்பாவாகவே உட்கார்ந்திருந்தேன்.