ஈரல்காரர் வீட்டில் ரத்தம் குறைந்த கதை

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஈரல்காரர் என்று கேட்டால் போதும், கைப்பிள்ளைகூட மார்க்கெட் பக்கம் கையை நீட்டும். வைத்திருந்தது சாதாரணக் கறிக்கடைதான். தொடை, நெஞ்செலும்பு, கொழுப்பு எல்லாம் கொக்கியில் தொங்கும். ஆனால் ஈரல் மட்டும் கொக்கிக்குப் போகாது. ஈரத்துணி விரித்த எவர்சில்வர் தட்டில், கண்ணாடிக்குப் பின்னால், நகைக்கடையில் வைத்த மாதிரி இருக்கும்.

அதைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுக்கவும் மாட்டார். "இது மாசமா இருக்கிற பொண்ணுக்கு எடுத்து வச்சது. உங்களுக்கு எதுக்கு? நல்லா கல்லு மாதிரிதானே இருக்கீங்க" என்று வாட்டசாட்டமான ஆட்களைத் திருப்பி அனுப்புவார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு யாராவது வந்து நின்றால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "ரத்தம் ஊறணும்னா இதுதான்மா. மத்ததெல்லாம் வயித்த நிரப்பும், இதுதான் உடம்ப நிரப்பும். தினமும் சாப்பிடு. யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காத." இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய அப்பா சொன்னார், இவர் சொன்னார், அவ்வளவுதான்.

ஊரில் பாதிப் பிள்ளைகள் தன் கடை ஈரலில் வளர்ந்தவை என்று பெருமை பேசிய மனிதருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. அவர் மனைவி அச்சகத்தை ஒட்டிய பைண்டிங் கடையில் தாள் மடிக்கிற வேலை பார்த்தாள். பெரிய தாளை எட்டாக மடித்து, மடிப்பின் மேல் மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு இழுத்து அடுக்க வேண்டும். கை அதுபாட்டுக்கு ஓடும். பிள்ளையைப் பற்றிக் கணவனும் மனைவியும் பேசுவதையே விட்டிருந்தார்கள். புண்ணை எத்தனை தடவைதான் கிளறிப் பார்ப்பது?

அப்படி விட்ட பிறகுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

ஈரல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தாயிற்று. அதுவும் ஈரல்காரர் வீட்டுப் பாலில்! அன்றைக்கே பிஞ்சு ஈரலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மிளகு தட்டிப் போட்டு அவரே வதக்கினார். மறுநாளும் வதக்கினார். அதற்கு மறுநாளும்.

"ஏங்க, தினமுமா? திகட்டுதுங்க" என்றாள் அவள்.

"திகட்டட்டும். உனக்காகவா சாப்பிடுற? உள்ள ஒரு ஆள் இலை போட்டு உக்காந்திருக்கு."

சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்கும் மேலாக அது நடந்தது. பிறகு ஒருநாள் அவர் அடுப்பைப் பற்றவைத்த வாசனைக்கே அவள் குளியலறைப் பக்கம் ஓடினாள். மசக்கை வந்துவிட்டது.

மசக்கை எல்லாருக்கும் வருவதுதான். இவளுக்கு வந்ததோ வீட்டையே புரட்டிப்போட்டது. முதலில் ஈரல் ஆகவில்லை. அப்புறம் கறியே ஆகவில்லை. அப்புறம் முட்டை. கடைசியில் அவரே ஆகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவள் முந்தானையால் மூக்கை மூடுவாள். அவர் கடையிலேயே குளித்துப் பார்த்தார். சோப்பை மாற்றினார். கடைத் துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வேறு சட்டை போட்டு வந்தார். இருபது வருஷமாக உடம்பில் ஊறியது இரண்டு சோப்பில் போய்விடுமா?

"கோவிச்சுக்காதீங்க. உங்க மேல ஒண்ணுமில்ல. வயிறுதான் கேக்க மாட்டேங்குது" என்று அவள் அழுவாள்.

"அட, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? நான் முன்ரூம்ல படுத்துக்கிறேன்" என்பார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அவருக்கு வாய்க்கும் எட்டி, வயிற்றில் தங்காமல் போனது.

ரொட்டியும் பால் விடாத கடுந்தேநீரும்தான் அவளுக்குத் தங்கின. ரொட்டியை அதில் நனைத்து நனைத்து, மூன்று வேளையும் அதுவே. இன்னொன்றும் கேட்டாள்: ஐஸ். முதலில் ஒரு துண்டு. பிறகு ஒரு கிண்ணம். கடகடவென்று கடித்துத் தின்றாள். வேலைக்கும் ஒரு பிளாஸ்கில் எடுத்துப் போனாள். தான் வாங்கிக் கொடுத்ததில் அவள் முகம் மலர்ந்தது அதற்கு ஒன்றுக்குத்தான் என்பதால் அவருக்கும் சந்தோஷம். கடை ஐஸ் கறி பட்டது என்று, பழரசக் கடையில் சொல்லிவைத்துச் சுத்தமான ஐஸாக வாங்கித் தந்தார்.

நாலாம் மாதம் பைண்டிங் கடையில் தாள் கட்டைத் தூக்கி எழுந்தவள், அப்படியே சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தாள். கண் இருட்டிவிட்டது. ஆள் வந்து சொல்ல, ஈரல்காரர் ஏப்ரனோடு ஓடினார். அவள் அக்காவும் வந்து சேர்ந்தாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே நர்ஸ், அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, மைதா மாவு மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக்கும் கீழே.

"மண்ணு, சுண்ணாம்பு, பச்சரிசி இப்படி ஏதாவது திங்கணும்னு தோணுதாம்மா?"

"அதெல்லாம் இல்லங்க. ஐஸ் மட்டும்."

"அதுவும் அந்தக் கணக்குலதான் சேர்த்தி. இரும்புச்சத்து குறைஞ்சா சிலருக்கு அப்படி ஒரு ஆசை வரும்."

ஈரல்காரருக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாக வாங்கிக் கொடுத்த ஐஸ் அது. இருந்தாலும் இரும்புச்சத்து என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார். இது நம்ம பேட்டையாயிற்றே!

"சிஸ்டர், நமக்குக் கறிக்கடை. ஈரல் எவ்வளவு வேணும்னாலும் கிடைக்கும். இவளுக்குத்தான் இறங்க மாட்டேங்குது. இறங்குறதுக்கு ஒரு மருந்து மட்டும் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

"ஈரல் வேணாங்க" என்றார் நர்ஸ்.

அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"ஈரல்ல இரும்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுல வைட்டமின் ஏ-யும் கொட்டிக் கிடக்கு. அது அளவு மீறுனா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது. அதுவும் முதல் மாசங்கள்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். சாதாரணக் கறி சாப்பிடலாம், நல்லா வேகவச்சு. ஈரல் மட்டும் வேணாம்."

"முதல் மாசத்துல சாப்பிட்டிருந்தா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"எவ்வளவு சாப்பிட்டாங்க?"

"தினமும்."

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். மனைவி கணவனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட இத மறக்காம சொல்லுங்க. பயப்படாதீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இனிமே வேணாம், அவ்வளவுதான்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஸ்கேனில் பார்க்கலாம். ஈரல்காரர் வாழ்நாளெல்லாம் எடை போட்டுப் பிழைத்தவர். இந்தப் 'பெரும்பாலும்' எவ்வளவு என்று மட்டும் அவரால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரி ஆனது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டோடு தேநீர் கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார்கள். பருப்பு, கீரை, பயறு, முட்டை சாப்பிடலாம். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும். அக்கா பெட்டியோடு வந்து சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சொல்வது சுலபம். தேநீர் இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மாத்திரை போட்டால் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாள். போட்ட அரைமணியில் வாந்தி. வாந்தி வராத நாளில் மலச்சிக்கல். கறுப்பாகப் போகிறது என்று பயந்தாள். மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். கறிக்கடைக்காரர் வாசல் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். தெருவே சிரித்தது.

"என்ன அண்ணே, கடை மாத்திட்டீங்களா?"

"ஆமா, ஆட்டுக்குப் போடுறதுக்குப் பதிலா நானே திங்கலாம்னு பாக்குறேன்" என்று அவரும் சிரித்துவைத்தார். ஆய்ந்த கீரையை அக்கா கடைந்து, பழம் பிழிந்து வைப்பாள். நாலு வாய் உள்ளே போகும். நாலாவது வாயில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பாள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள், தங்குகிறதா என்று. சில நாள் தங்கும். பல நாள் தங்காது.

இதற்கு நடுவில்தான் கடைக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்தாள். மாசமாகி ஆறேழு வாரம்தான் இருக்கும், மாமியார் அனுப்பியிருந்தாள். "ஈரல் வேணும் அண்ணே."

"உனக்காம்மா? வேணாம்மா. நல்ல தொடைக்கறி தர்றேன், நல்லா வேகவச்சுச் சாப்பிடு. ஈரல் இப்ப ஆகாது."

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். "என்ன அண்ணே, என் அக்காவுக்குத் தினமும் எடுத்துவச்சுக் குடுத்தீங்க, எனக்கு மட்டும் இல்லையா?"

"அப்ப தெரியாதும்மா."

"அவ பையன் கொழுகொழுன்னு இருக்கானே!"

அந்தப் பையன் கொழுகொழுவென்று இருப்பது உண்மை. அவன் அப்படி இருப்பதைக் கேட்டதும் அவருக்கே ஒரு நப்பாசை எழுந்ததும் உண்மை. அவள் முகம் சுளித்துக்கொண்டு எதிர் வரிசைக் கடைக்குப் போனாள். அங்கே கடைக்காரன் ஒரு சொல்லும் பேசாமல் நிறுத்துப் போட்டுக் கொடுத்தான். அவர் தன் கடைக்குள் நின்று, அந்தப் பொட்டலம் தெருமுனை தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடுங்கவா முடியும்?

மனைவிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பார்க்க முடிந்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அக்கா கைகூப்பினாள். மனைவி முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள். ஈரல்காரருக்கு 'முடிந்தவரை' என்ற சொல் மட்டும் முள்ளாகக் குத்தியது.

"ஏங்க, எனக்குத் தெரியும் நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு" என்றாள் அவள் ஒரு மாலை, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இப்போதெல்லாம் கதவுக்கு இரு பக்கமும் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டார்கள். "ஆசையாத்தானே குடுத்தீங்க. நானும் ஆசையாத்தானே சாப்பிட்டேன்."

"திகட்டுதுன்னு சொன்னியே. அப்பவாவது விட்டிருக்கலாம்."

அவள் இல்லை என்று சொல்லமாட்டாளா என்று அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து போனார்.

ரத்தம் கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. ஏழாம் மாதம், மாத்திரை இவளுக்குச் சரிப்படவில்லை, ஊசி வழியாக இரும்பை ஏற்றிவிடலாம் என்றார் டாக்டர். கட்டிலில் படுக்கவைத்து, கையில் குழாய் செருகி, பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். வாசனை படக்கூடாதென்று அவர் வார்டு வாசலிலேயே நின்றார். சொட்டு சொட்டாக இறங்கியது. ஆட்டை உரித்துப் பாகம் பிரிக்கிற கை, அங்கே ஒரு கொசுவை ஓட்டக்கூட உதவாமல் மார்பில் கட்டியிருந்தது. இரண்டு தடவை ஏற்றினார்கள். கன்னத்தில் லேசாக ஒரு நிறம் வந்தது. ஐஸ் கேட்பதை அவளாகவே விட்டாள். அப்படியும் பத்தைத் தொடவில்லை.

அதற்குள் நாள் வந்துவிட்டது.

பெண் குழந்தை. அளவில் சின்னது, சத்தத்தில் பெரியது. குழந்தை டாக்டர் அதன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார், வாய்க்குள் விரல் விட்டு மேல் அண்ணத்தைத் தடவினார், காதைத் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஈரல்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எல்லாம் நல்லா இருக்குங்க."

"பெரும்பாலுமா டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. "நல்லா இருக்குங்க" என்றார் மறுபடியும்.

அக்கா கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஈரல்காரர் திரும்பியபோது, உள்ளே ஆட்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மற்றவர்கள் இவ்வளவு போனாலும் தாங்கிவிடுவார்கள், இவளிடம் இருந்ததே குறைவு. ஈரல்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றார்.

"என்கிட்டேருந்து எடுத்துக்குங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

பரிசோதித்தவர் தலையசைத்தார். "உங்க ரத்தம் அவங்களுக்குச் சேராதுங்க. அவங்க குரூப் இருப்பு இருக்கு, ஏத்துறோம். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். மடித்த சட்டைக்கையை இறக்கிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய ரத்தம் இரண்டு பாட்டில் அவளுக்குள் போனது. சாயங்காலம் ஆனபோது, நின்றுவிட்டது, பிழைத்துக்கொண்டாள் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, இனி மாதக்கணக்கில் மாத்திரை விடாமல் போட வேண்டும், மெதுவாகத்தான் தேறும் என்று சொன்னார்கள். ஆட்டோ வாசலில் நின்றது. வீடு மாடியில். அக்கா பைகளோடு முன்னால் ஏறிப் போனாள். மனைவி கைப்பிடியைப் பிடித்து நாலு படி ஏறி நின்றாள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

"வேணாங்க. நின்னு நின்னு ஏறிக்கிறேன்."

அவர் குழந்தையை இரு கையிலும் ஏந்தியபடி ஒரு படி கீழே நின்றார். கிட்டே போனால் அவளுக்குக் குமட்டுமோ என்ற பயம். தள்ளி நின்றால் அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம். அவள் இன்னொரு படி ஏறினாள். அவரும் ஒரு படி ஏறினார். அவள் நின்றாள். அவரும் நின்றார்.