செல்வியின் முதல் விரிப்பு

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாய்க் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டின் சிமெந்துத் தரை வெடித்துக் கிடந்தது. கொழுந்து பறிக்கும் என் மனைவி செல்வி, யாரிடமும் கற்காமல், கோயிலுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்டால் கெட்டித்துணியில் தேயிலைப் பூக்களை வரைந்து ஒரு தரைவிரிப்பு செய்தாள். அதை விரித்த அன்று, மழையில் வந்த நான் சேற்றுக்காலோடு அதன்மேல் நடந்துபோய்ச் சோறு கேட்டேன்.

அவள் அழவில்லை. ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தபடி சொன்னாள்: "மிதிக்கத்தாங்க வரைஞ்சேன். ஒரு தடவ பாத்துட்டு மிதிச்சிருக்கலாம்."

நானும் குனிந்து துடைத்தேன். ஒரு பூவைப்போல இன்னொன்று இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

இன்று அவள் விரிப்புகளைப் பண்டாரவளைக் கடைக்கு நான்தான் கொண்டுபோகிறேன். வாங்குகிறவர்கள் பாராட்டும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த முதல் விரிப்பை ஒரு மாதமாக என் கண்ணெதிரேதான் வரைந்தாள். நான் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.