இப்ப வாங்காதீங்க

என் வீட்டுக்காரர் கதிர்வேலைப் பற்றிச் சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிற மாணவர்கள் எல்லாரும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். ஆனால் அவரிடம் மட்டும் வாங்க மாட்டார்கள். இது எப்படி என்று கேட்பவர்கள் அவர் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

மேலவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் கிராஃபிக்ஸ் கார்டு விற்பதும் தொழில். பல்கலைக்கழக விடுதிப் பையன் ஒருவன் வருவான். புது கேம் தன் சிஸ்டத்தில் திக்கித் திக்கி ஓடுகிறது, கார்டு மாற்ற வேண்டும் என்பான். பக்கத்தில் அவனுடைய அப்பா, ஊரிலிருந்து பணத்தோடு வந்து நிற்பார். கதிர்வேல் கண்ணாடி அலமாரியில் கை வைப்பார். பிறகு திறக்காமலே கையை எடுத்துவிடுவார்.

"இப்ப வாங்காதீங்க சார். நாலு மாசம் பொறுங்க. இதே வெலைக்கு ரெண்டு மடங்கு மெமரியோட புதுசு வருது."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். நாலு மாதம் கழித்து அந்தப் பையன் சென்னைக்குப் போவான், ரிச்சி தெருவில் அந்தப் புதுக் கார்டை வாங்குவான், பெட்டியைக் கொண்டுவந்து இவரிடமே மாட்டித் தரச் சொல்வான். இவரும் சிரித்த முகமாக மாட்டித் தருவார். யோசனை சொல்வதற்குக் காசு கேட்க இவர் என்ன வக்கீலா?

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. எங்கள் கல்யாணம் 2004 ஆவணியில் திருவந்திபுரத்தில் நடந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில், கடலூரில் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்தபோது, சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு 128 எம்பி கார்டு ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் அதுதான் உசத்தி. சில மாதங்களுக்குள் புது மதர்போர்டுகளில் கார்டு செருகும் இடமே வேறு மாதிரி மாறிவிட்டது. புதிதாக வந்தது எதிலும் அந்தக் கார்டு பொருந்தவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். இவர் தான் அண்டாததோடு நிற்காமல் வருகிறவன் போகிறவனையெல்லாம் அடுப்பிலிருந்து இழுத்துப்போடத் தொடங்கினார்.

விஷயம் தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் எனக்கும் பாடம் எடுத்திருக்கிறார். திரையில் ஓடுகிற படத்துக்காகக் கார்டிலேயே தனியாக மெமரி இருக்குமாம். கேம் பெரிதாகப் பெரிதாக அதுவும் ஜாஸ்தி வேண்டுமாம். ஆனால் மெமரி மட்டும் கூடினால் பிரயோசனமில்லை என்றார். "பந்தியில சாம்பார் அண்டா எவ்ளோ பெரிசா இருந்தா என்ன மதி, ஊத்துற கரண்டி சின்னதா இருந்தா பந்தி நகருமா?" என்று கேட்டார். அறிவுமதி என்ற என் பெயரை மதி என்று சுருக்கிக் கூப்பிட்டது அவர்தான். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதாமாதம் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார். பிரவுசிங் சென்டருக்குப் போய், அடுத்து என்ன வரப்போகிறது என்று படித்துவிட்டு வருவார். 512 வரும் என்றார், வந்தது. விலை பாதியாகும் என்றார், ஆயிற்று. புது விண்டோஸ் வந்தால் பழைய கார்டெல்லாம் புது கேமுக்கு உதவாது என்றார், அதுவும் நடந்தது. ஒரு தடவையாவது அவர் வாக்குப் பொய்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பொறுத்தவனுக்கு நட்டமே இல்லை என்பது அவருக்கு வேதவாக்காகிவிட்டது.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்று பழமொழி சொல்வார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை.

கல்யாணத்தின்போது எனக்கு வயது இருபத்தேழு. என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த பிறகுதான் கழுத்தை நீட்டினேன். முதல் வருஷம் கடை வைக்கிற அலைச்சல். குழந்தை இப்போது வேண்டாம் என்றார், சரி என்றேன். அடுத்த வருஷம் புதுக் கார்டுகள் இறங்கும், பொறுத்திருந்த பையன்கள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து வாங்குவார்கள், கடை பெரிதாகும், அப்போது பெற்றுக்கொள்ளலாம் என்றார். கார்டுகள் இறங்கின. பையன்கள் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். அதனால் அதற்கடுத்த வருஷம் என்றார். பிறகு புது விண்டோஸ் வரட்டும் என்றார். கேட்டுக் கேட்டு நான் சண்டைக்காரி ஆனேன். ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு கணக்குத் தயாராக இருந்தது. கணக்கு டீச்சர் என்னாலேயே அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கருத்தடை மாத்திரையை அவரே வாங்கி வருவார். சிதம்பரத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கடலூர் போகும்போது வாங்கிவருவார்.

கடலூர் புதுப்பாளையத்தில் என் மாமியார் கொளஞ்சியம்மாள் இருந்தார், கூடவே கதிர்வேலின் தம்பி மணவாளன். நாங்கள் போகிற போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாமியார் என்னைத் திருவந்திபுரத்து மலைப்படி ஏறவைத்தார், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 'பாவம், வாய்க்கல' என்று என் காதுபடவே அடுத்த வீட்டில் சொன்னார். நான் கதிர்வேலிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தள்ளிப்போடச் சொன்னது நீங்கள்தான் என்று உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்பார்.

2009இல் மணவாளனின் மனைவி சுவேதாவுக்கு வளைகாப்பு. அன்று காலையிலும் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் கடலூருக்கு பஸ் ஏறினேன். எல்லாரும் சுவேதாவுக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவள் எழுந்ததும் மாமியார் என் கையைப் பிடித்து இழுத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே மணையில் என்னை உட்காரவைத்தார். பிள்ளையில்லாதவள் அப்படி உட்கார்ந்தால் அடுத்த வளைகாப்பு அவளுக்குத்தான் என்பது வழக்கம். என் கன்னத்தில் சந்தனம் பூசினார், வளையல் அடுக்கினார், கூடம் முழுக்க என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. நான் வாசல் பக்கம் பார்த்தேன். கதிர்வேல் மணவாளனின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஜிபி கார்டு பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் குனிந்து ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது, பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும், கைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதிர்வேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன்பிறகு இரண்டு வருஷம் காத்திருந்தோம். வரவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, மாத்திரை சாப்பிட்டதால் அல்ல, சில பேருக்கு முப்பது தாண்டியதும் கருமுட்டை சட்டென்று குறைந்துவிடும், உங்களுக்கு அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்றார். நாலைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் பெற்றிருப்பீர்கள் என்றும் சொன்னார். கதிர்வேல் அவரிடம், புதிதாக ஏதாவது சிகிச்சை வருமா, எப்போது வரும் என்று கேட்டார். அந்த டாக்டர் முன்னாலேயே எனக்கு இவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் தானே புயல் அடித்தது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. பிறகு வந்ததும் பாதி நாள்தான் இருக்கும். மேசைக் கம்ப்யூட்டரில் கேம் விளையாட யாரால் முடியும்? பையன்கள் லேப்டாப்புக்கு மாறினார்கள். அதில் கார்டை மாற்ற முடியாது, ஆகவே யோசனையும் தேவைப்படவில்லை. கதிர்வேல் காலி கடையில் உட்கார்ந்து, வரப்போகிற கார்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார்.

2012 ஆடி முடிந்ததும் மாமியார் சிதம்பரம் வந்தார். கதிர்வேல் கடையில் இருந்தார், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே, பெண்ணாடத்தில் ஒரு பெண் இருக்கிறாள், ஏழைக் குடும்பம், உன்னை அக்கா மாதிரி வைத்துக்கொள்வாள், வம்சம் அறுந்துபோகக் கூடாது என்று பேசிக்கொண்டே போனார். நான் இனியும் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

"அத்தை, புள்ள இப்ப வேணாம்னு தள்ளிப்போட்டது உங்க மவன்தான். வருஷக்கணக்கா மாத்திரை வாங்கியாந்து குடுத்ததும் அவருதான்."

மாமியார் கை நிற்கவில்லை. அடுத்த காயை எடுத்தார்.

"தெரியும்மா. கல்யாணமான மறு வருஷமே எங்கிட்ட சொல்லிட்டான். யாருகிட்டயும் சொல்லாதம்மா, கடைக்கு வர்றவங்க ஒரு மாதிரியா பேசுவாங்கன்னான். ஆம்பளப் புள்ள, நாலு பேரு பேசுனா தாங்குவானா? நீ படிச்சவ, தாங்கிக்குவன்னு நான்தான் விட்டுட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் வருஷக்கணக்கில் கதிர்வேலிடம் மன்றாடியிருக்கிறேன். அவர் அதை எப்போதோ சொல்லிமுடித்துவிட்டார். சொன்ன பிறகும்தான் நான் மலைப்படி ஏறியது, கசப்பு குடித்தது, மணையில் உட்கார்ந்தது எல்லாம். என் பெயர் கெட்டால் எந்தக் கடைக்கும் நட்டமில்லை என்று தாயும் பிள்ளையும் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மதியம் கதிர்வேல் சாப்பிட வந்தார். இலையில் சோறு வைத்தேன். என் முகத்தைப் பார்த்தவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் பெண்ணாடத்துப் பெண்ணைப் பற்றி அவரிடமும் சொன்னார். என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டார். நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இப்ப என்னம்மா அவசரம், பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.