சாணத்தில் கொண்டைக்கடலை

ஆய்வுக்குப் போனால் எல்லோரும் முதலில் பதிவேட்டைக் கேட்பார்கள். நான் சாணத்தைப் பார்ப்பேன். பதிவேட்டை முந்தின நாள் உட்கார்ந்துகூட எழுதிவிடலாம். சாணத்தை அப்படித் தயார் செய்து வைக்க முடியாது.

இயற்கைப் பண்ணைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்தேன். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தொழுவத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவ்நாரில் இசக்கிமுத்துவின் தபேலாவில், இங்கே பால்மாட்டுக் கொட்டகைக்கு அதுதான் பெயர், பதினெட்டுப் பசுக்கள். அவர் அப்பா காலத்திலிருந்து மற்றவர்களைப் போலத்தான் நடத்தி வந்தார்கள்: மூட்டையில் வரும் தீவனம், பால் இறங்க ஊசி, மாடு சுணங்கினால் உடனே ஆன்டிபயாட்டிக். ஒருநாள் அத்தனையையும் நிறுத்திவிட்டு எங்கள் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்தார். பன்வேல் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து, ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இல்லாமல் புல்லும் சோளமும் போட்டார். கன்று குடித்தது போக மிச்சத்தைத்தான் கறந்தார். பால் பாதியாகிவிட்டது. அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மற்ற தபேலாக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

சான்றிதழுக்கு முன்னால் மாற்றக் காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மாடு தின்னும் ஒவ்வொரு பிடியும் எங்கே விளைந்தது என்று நமக்குத் தெரிய வேண்டும். இசக்கிமுத்துவுக்கு அது முடிய ஒரு மாதம்தான் பாக்கி. சான்றிதழ் வந்த அன்றே பால் எடுத்துக்கொள்வதாக மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கடைசி ஆய்வு ஒரு சனிக்கிழமை காலை. லட்சுமி என்ற செவலைப் பசுவின் சாணத்தைக் குச்சியால் கிளறினேன். கொண்டைக்கடலைத் தோலும், மெல்லாமல் விழுங்கிய நாலைந்து முழுக்கடலையும் கிடந்தன. பதிவேட்டில் கடலை என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் இருந்த மாடுகளுடையதையும் கிளறினேன். அங்கேயும் கொஞ்சம் தோல்.

"நான் கடலை வாங்குனதே கெடயாது மேடம். வேணும்னா குடோனத் தொறந்து பாத்துக்கிடுங்க" என்றார் இசக்கிமுத்து.

பார்த்தேன். ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்துப் பார்த்தேன், மூலையில் எலிவளையைக்கூட விடவில்லை. ஒரு கடலை இல்லை. அவர் பொய் சொல்கிறவர் மாதிரியும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குக் கோபத்தைவிடக் குடைச்சல்தான் அதிகம். இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மனசில்லை.

தின்றது சாணமாக வெளியே வர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமையிலிருந்து பின்னால் எண்ணினேன். வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமையும் கொண்டைக்கடலையும் சேர்ந்தால் நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, குரு பகவான்தான்.

இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை லட்சுமி எங்கே இருந்தாள் என்று கேட்டேன்.

"செம்பூர் கோயில் வாசல்ல. வாராவாரம் கூட்டிட்டுப் போவேன்லா. சனங்க கீரை, பழம், ஊறவச்ச கடலைன்னு குடுப்பாங்க. மிஞ்சுனதக் கொண்டாந்து மத்த மாட்டுக்கும் வைப்பேன்."

ஏன் பதிவேட்டில் எழுதவில்லை என்றேன்.

"அது தீனி இல்லலா மேடம். சாமி காரியம்."

இசக்கிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் இது தெரியும். அவரும் அதைத் தீனியாக நினைத்ததே இல்லை.

பேச்சியம்மாள் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்களும்தான் குடுக்கீங்க மேடம். நீலக் கிண்ணம்."

என் மகளுக்கு வரன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஜோசியர் சொன்னார் என்று எட்டு மாதமாக வியாழக்கிழமை காலையில் அந்த வாசலில் ஒரு கிண்ணம் கடலை கொடுத்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுவேன். தபேலாவில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் வில்லையைச் சரிபார்க்கிறவள், அங்கே கண்ணை மூடிக் கும்பிட்டேனே தவிர மாட்டின் காதையும் பார்க்கவில்லை, பிடித்திருந்தவர் முகத்தையும் பார்க்கவில்லை. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சாமி கும்பிடுகிற இடத்தில் ஆபீஸ் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டாராம். எனக்கு முகம் சுட்டது.

சும்மா விட்டிருக்கலாம். அந்தச் சாணத்தை என்னைத் தவிர யாரும் கிளறப்போவதில்லை. விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பாலைக் குழந்தைக்கு வாங்கப்போகிறவர்கள் நான் போடும் கையெழுத்தை நம்பித்தான் வாங்குவார்கள். நீலக் கிண்ணம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் என்னை அந்தப் பண்ணையிலிருந்து மாற்றி வேறு ஆய்வாளரை அனுப்பினார்கள். மாற்றக் காலம் முதலிலிருந்து ஆரம்பமானது. மாட்டுங்கா கடைக்காரர் காத்திருக்கவில்லை.

"மறுபடியும் மொதல்லேர்ந்து. அவ்வளவுதான மேடம்" என்றார் இசக்கிமுத்து. சொல்லிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வழி கண்டுபிடித்தது பேச்சியம்மாள்தான். லட்சுமியைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதை அவர் நிறுத்தவில்லை. பன்வேல் புல்லைச் சின்னக் கட்டுகளாகக் கட்டிக் கூடையில் கொண்டுபோனார். கொடுக்க விரும்புகிறவர்கள் அதையே வாங்கிக் கொடுக்கட்டும் என்றார். எத்தனை கட்டு என்று பதிவேட்டில் அவரே எழுதினார். இரண்டாம் முறை சான்றிதழ் கிடைத்துவிட்டது.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். உங்கள் படிவத்தில் 'மாட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள்' என்று இருக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். மாடு என்ன தின்கிறது என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வராது.

அறிக்கை கொடுத்ததற்கு அடுத்த வியாழக்கிழமை, பழக்க தோஷம், கிண்ணத்தோடு கோயில் வாசலில் போய் நின்றேன். லட்சுமி நாக்கை நீட்டினாள். பேச்சியம்மாள் கையை நடுவில் வைத்துத் தடுத்தார்.

"இது எங்க வெளஞ்சது மேடம்?"

அத்தனை வருஷமாக நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. முதல்முறையாக என்னிடம் ஒருவர் கேட்டார்.

தெரியாது என்றேன். கிண்ணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் நீட்டிய புல்கட்டை வாங்கினேன்.