மெயினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

மற்ற வேலைக்காரர்களை ஹாலோடு நிறுத்திவிடுகிற வீடுகளில்கூட, சிம்னி மாட்டுகிறவனை மட்டும் செருப்பைக் கழற்றச் சொல்லி நேராகச் சமையலறைக்குள் விட்டுவிடுவார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் புது வீடு கட்டுகிற யாரும் இப்போது சிம்னி இல்லாமல் பால் காய்ச்சுவதில்லை. அடுப்புக்கு மேலே இரண்டரை அடி விட்டுப் பெட்டியை மாட்டி, சுவரில் துளை போட்டு, புகை போகிற குழாயை வெளியே விட்டு, கரண்ட் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போய் ஒருநாள் அதுவாக நின்றுவிட்டதால், திண்டிவனத்தில் மாடி அறை ஒன்றில் இருக்கிறேன். சாப்பாடு மெஸ்ஸில். ஊரில் உள்ள சமையலறை எல்லாம் எனக்கு அத்துப்படி, எனக்குத்தான் அடுப்பு கிடையாது.

முன்பு நாங்கள் இரண்டு பேர். நான் மேடை மேல் ஏறி ஒயரைத் தொடுவேன். சேவியர் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பான். "ஆஃபா?" என்று நான் கேட்க வேண்டும், "ஆஃப்" என்று அவன் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒயரில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். சேவியர் துபாய்க்கு ஏசி வேலைக்குப் போனான். கொஞ்ச காலம்தான், திரும்பி வந்ததும் திண்டிவனத்தில் இரண்டு பேர் பெயரிலும் ஒரு கடை போடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கம்பெனியோ, ஒரு சிம்னிக்கு ஒரு ஆள் போதும் என்று சொல்லிவிட்டது. ஏசி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஃபில்டர் என்று பையை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக அலைகிற என் சக பாவப்பட்டவர்களே, மீதியை உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஃபேன் இல்லாத மத்தியானம்

தனியாகப் போன ஆரம்பத்தில், விழுப்புரத்தில் ஒரு வீடு. மெயினை அணைத்தேன். யாரும் அதைத் தொடக் கூடாது என்று வீட்டம்மாவிடம் சொன்னேன், அவர் பையனிடம் சொன்னேன், பால் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொன்னேன். உள் அறையில் படுத்திருந்த வீட்டம்மாவின் மாமனாரிடம் மட்டும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

மேடை மேல் நின்று ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை வரைக்கும் யாரோ பிடித்து உதறியதுபோல இருந்தது. கையில் இருந்த கட்டிங் பிளையர் பறந்து போய் மாவுத் தூக்கில் விழுந்தது. நான் மேடை விளிம்பில் இடுப்பை இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்த பெரியவர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கோபமாக ஏதோ கேட்க நினைத்தேன். அதற்குள் என்னைப் பார்த்த அவருக்கு முகம் செத்துவிட்டது.

"கரண்டு வந்துட்டிருக்கும், நம்ம வூட்ல மட்டும் இல்லையேன்னு தூக்கி வுட்டேன் தம்பி. நீங்க உள்ள இருக்கறது எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் வைங்க

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழைய வீடுகளில் மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை இருக்கும். அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஒயரைத் தொடுவேன். கட்டை என்னிடம் இருக்கிற வரைக்கும் எந்த மாமனாரும் எதையும் தூக்கிவிட முடியாது. சேவியர் நின்ற இடத்தில் இப்போது என் சட்டைப் பை. அது பதில் பேசாது என்பது ஒன்றுதான் குறை.

திண்டிவனத்தில், பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய ஒரு வீட்டில் வேலை. இந்தப் பக்கம் தம்பி குடும்பம், அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். புகைக்குழாயைக் கொல்லைப் பக்கம் விட்டால் வளைவே இல்லாமல் நேராகப் போகும். வளைவு கூடினால் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், பிசுக்கு சேர்ந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து. இதையெல்லாம் நான் வகுப்பெடுக்க, தம்பி மனைவி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் வைங்க என்று ஓரகத்தியின் ஜன்னலைக் காட்டினார். இப்படி நிறையப் பார்த்தவன் நான். நாங்கள் வறுவலும் பொரியலுமாகச் சாப்பிடுகிறோம் என்று எதிராளிக்கு அறிவிக்க ஒரு சிம்னி. அடுத்தவர் ஜன்னலைப் பார்த்துப் புகை விட்டால் சண்டை போலீஸ் வரைக்கும் போகும், நான் செய்ய மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். கொல்லைச் சுவரில் துளை போட்டு வேலையை முடித்தேன். பையைக் கட்டும்போது அந்த அம்மா தரையில் சிந்தியிருந்த சிமெண்ட் தூளைக் கூட்டிக்கொண்டே பேசினார். அதைக் கேட்ட பிறகு என் கறார் எனக்கே பிடிக்கவில்லை.

"சண்டைக்குன்னு நெனைச்சிக்கினீங்களாண்ணா? அவங்களுக்கு நெத்திலி வறுவல்னா உசுரு. பேச்சுதான் நின்னு போச்சு, வாசனையாச்சும் போவட்டும்னு பாத்தேன்."

மிளகாய் பரீட்சை

சிம்னி நன்றாக இழுக்கிறதா என்று பார்க்க, ஃபில்டரில் காகிதத்தை ஒட்டிக் காட்டச் சொல்வது கம்பெனி முறை. என் முறை வேறு. வாணலியில் எண்ணெய் காய வைத்து, நாலு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடச் சொல்வேன். வீட்டில் யாரும் இருமவில்லை என்றால் சிம்னி பாஸ்.

கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து வீடியோ காலில் மேஸ்திரி வேலை பார்த்தார். அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்த போனிலிருந்து, இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை கீழே, அந்த டைல்ஸ் விரிசல் விடாமல் என்று உத்தரவு வந்துகொண்டே இருந்தது. பழைய வீடுதான், சமையலறை மட்டும் முழுக்கக் கருங்கல் பளபளப்பு. சாக்கெட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் சும்மா தொங்குகிறது. சிம்னியின் உடம்பு முழுக்கத் தகரம். எர்த் இல்லாமல் கரண்ட் கசிந்தால் கரண்டியோடு தொடுகிற கைக்குத்தான் வரும். அதைச் சரிசெய்யாமல் சுவிட்சைப் போட மாட்டேன் என்றேன். ஃபியூஸ் கட்டையை உருவினேன். வைஃபை போயிற்று, அதோடு மேஸ்திரியும் போனார். அவர் மனைவி அப்பாடா என்று எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

எர்த் கொடுத்து, கட்டையைத் திரும்பச் செருகி, டெஸ்ட் லாம்ப் எரிகிறதா என்று பார்ப்பதற்குள் அவர் மறுபடியும் அரிசி டப்பா மேல் வந்துவிட்டார். மிளகாய் பரீட்சையை அவர் கண் முன்னாலேயே நடத்தினோம். மிளகாய் கறுத்துப் பொரிந்தது. அவர் மனைவி இருமவில்லை, பாலர் வகுப்புப் படிக்கிற மகளும் இருமவில்லை. பாஸ் என்றேன். அவருக்கும் திருப்திதானா என்று குனிந்து போனைப் பார்த்தேன். அங்கே தன் அறையில் எதிரே இருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் வரலண்ணே. தாளிக்கற நெடியில இருமியே ரொம்ப வருசமாச்சு."

பாக்கெட்டில் போன கரண்ட்

காணை பக்கம் கரும்புக் கொல்லை நடுவில் ஒரு வீடு. மனைவியை இழந்த விவசாயி ஒருவர் மட்டும் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகள்கள் சேர்ந்து சிம்னி வாங்கி அனுப்பியிருந்தார்கள். எனக்கு எதற்கு இது, நான் காலையில் ஒரு தடவை பொங்கி அதையே மூன்று வேளையும் சாப்பிடுகிறவன் என்று சிரித்தார். மாட்டி முடித்து மிளகாய் பரீட்சையும் ஆன பிறகு, மோட்டார் ஒயரை எலி கடித்திருக்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். கட்டையை மறுபடி உருவிப் பையில் போட்டுக்கொண்டு டேப் சுற்றினேன். அப்புறம் கை கழுவினேன், அவர் கொடுத்த மோரைக் குடித்தேன், பைக்கை எடுத்தேன், வந்துவிட்டேன். பட்டப்பகல், எந்த விளக்கும் எரியவில்லை. இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் திண்டிவனம் மெஸ்ஸில் காசு எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டால் பீங்கான் கட்டை வருகிறது. அவருக்கு போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். இருட்டில் கிளம்பலாம் என்றால் என் பைக்கில் முன்விளக்கு எரியாது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறவன் வண்டியின் லட்சணம் அது. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய் நின்றேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு கட்டையைச் செருகினேன். உள்ளே சிம்னியின் விளக்கு எரிந்தது. அடுப்பு மேல் இரண்டு தம்ளரில் காப்பி மூடி வைத்திருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போன் கேட்டாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாமே ஐயா என்றேன்.

"கேட்டிருக்கலாம், கேக்கல. எப்படியும் நீங்க வந்துதான ஆவணும்னு குந்திக்கினு இருந்தேன். ஒருத்தர் வர்றாருன்னு இப்படிக் காத்துக்கினு இருந்து எவ்வளோ நாளாச்சு."

ஆஃபா?

சேவியர் வந்துவிட்டான். கிளியனூரில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்துவிட்டது. சிம்னி வாங்கி வைத்திருக்கிறேன், நீதான் மாட்ட வேண்டும் என்று போன் செய்தான். திண்டிவனத்தில் நான் ஒரு கடை பார்த்து வைத்திருந்தேன். சின்னதுதான், ஆனால் ரோட்டைப் பார்த்த கடை. கூட்டாளி வந்ததும் சொல்கிறேன் என்று கடையின் சொந்தக்காரரை இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை போகிற வழியில் நிறுத்தி, இன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவன் வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவியும் குழந்தையும் அவள் அம்மா வீட்டில் என்றான். பேச்சு வளர்வதற்குள் வேலையில் இறங்கிவிட்டோம். மேடை மேல் ஏறி ஒயரைக் கையில் எடுத்ததும் என்னை அறியாமல் "ஆஃபா?" என்றேன். முன் அறையிலிருந்து "ஆஃப்" என்று சத்தம் வந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனை வீட்டில் சுவரைப் பார்த்துக் கேட்டிருப்பேன். ஒயரை இணைத்து முடித்த பிறகும், தேவையே இல்லாமல் இன்னொரு தடவை "ஆஃபா?" என்றேன். "ஆஃப்தாண்டா" என்றான் சிரித்துக்கொண்டே.

மிளகாய் பரீட்சைக்கு வாணலி இல்லை. எண்ணெயும் இல்லை, மிளகாயும் இல்லை, கேஸ் சிலிண்டரே இன்னும் வாங்கவில்லை. எப்போது குடி வருகிறீர்கள் என்று கேட்டேன். அவன் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் கிளம்புகிறோம், வீட்டைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றான். அப்படியானால் கடை? என்றேன். அவன் என் கையைப் பிடித்து முன் அறைக்குக் கூட்டிப் போய், மெயின் போர்டில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினான். அதன் பட்டனை அழுத்தியதும் டக்கென்று வீடு முழுக்க அணைந்தது. கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே அது தானாக அணைத்துவிடுமாம். பிறகு தன் சூட்கேஸைத் திறந்து, மற்றவர்களுக்கு வாங்கி வந்த சென்ட் பாட்டில்களுக்கும் சாக்லேட்டுக்கும் அடியிலிருந்து, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தான். நான் விழுப்புரத்தில் விழுந்ததை எப்போதோ போனில் சொல்லியிருந்தேன். அவன் அதை மறக்கவில்லை.

"உன் ரூமுக்கு வாங்கிக்கினு வந்தேன் மச்சான். போற வூட்லல்லாம் இத வெக்கச் சொல்லு. இது இருந்தா மெயின்கிட்ட ஆளே நிக்க வேணாம்."

ஆகவே, சக பாவப்பட்டவர்களே, நான் பார்த்த கடையில் இப்போது வேறு யாரோ மொபைல் விற்கிறார்கள், அடுப்பே இல்லாத என் அறையை அந்த துபாய்ப் பெட்டி இரவும் பகலும் காவல் காக்கிறது, "ஆஃபா?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.