‘வரேன் மிஸி’ என்று சொல்லிப் போனவர்கள்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் நான் தாதி; நோயாளிகளுக்கு ‘மிஸி’. ஊசி போடு, புண் கட்டு என்றால் கை தானாகப் போகும். ஆய்வு என்றால் மட்டும் ஒதுங்கிவிடுவேன். என்னைவிடப் பத்து வயது இளையவளான வார்டுத் தோழிதான் என்னைக் கேட்காமலேயே ஒரு வகுப்புக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். தாதியர் தங்கள் ஆய்வுக்கு ஏஐயைப் பயன்படுத்தப் பழகும் வகுப்பு அது. சனிக்கிழமைதோறும் இருவரும் கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் வார்டின் கவலையையே. இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை நோயால், காலில் புண் வந்து சிகிச்சை பெற்றுப் போகிறவர்களில் பலர், கட்டு மாற்ற மறுபடி எங்களிடம் வருவதில்லை. ஏன்? வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சம்மதம் கேட்டுச் சிலரிடம் பேசினோம். அவர்கள் தமிழில் சொன்னதை நான் அப்படியே தட்டச்சு செய்தேன். பெயரோ அடையாள அட்டை எண்ணோ ஏஐக்குள் போகவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் உள்ளே போட்டதும் சுருக்கம் வந்தது. பெரும்பாலோர் மீண்டும் வருவதாக உறுதியளித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏன்க்கா சிரிக்கிறீங்க?” என்றாள் தோழி.

“கிளம்புறப்ப எல்லாரும் ‘வரேன் மிஸி’ன்னாங்கல்ல, அத வாக்குறுதின்னு எழுதிருக்கு லா. போறேன்னு சொல்லக் கூடாதுன்னுதானே நம்ம ஆளுங்க வரேன்னு சொல்றாங்க.”

அதையே அவள் ஏஐக்கு எழுதினாள். அது உடனே மன்னிப்புக் கேட்டு, பெரும்பாலோருக்கு வர விருப்பமில்லை என்று மாற்றி எழுதியது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அவர்களுக்கு விருப்பமில்லை என்று நான் சொல்லவே இல்லையே. நாம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாய்கிற ஒன்றை எப்படி நம்புவது?

தோழி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அதுகிட்ட பதில் கேக்க வேணாம்க்கா. நம்ம எத கேக்காம விட்டோம்னு கேப்போம்,” என்று சொல்லி, அதையே தட்டினாள். நிறையக் கேள்விகள் வந்தன. பாதிக்கு மேல் எங்களுக்கு உதவாதவை. ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைத்தது: உங்களிடம் வராதவர்கள் இப்போது எங்கே கட்டு மாற்றிக்கொள்கிறார்கள்?

எங்களிடம் வராவிட்டால் எங்குமே போகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம், போனில் பேசச் சம்மதித்திருந்தவர்களில் கட்டு மாற்ற வராதவர்களை அழைத்தோம். முதலில் கிடைத்தவர் பூச்சோங்கில் இருக்கும் அங்கிள், முன்பு லோரி ஓட்டியவர்.

“கால் எப்படி இருக்கு அங்கிள்? கட்டு மாத்த வரலையே?”

“நல்லா ஆறிக்கிட்டு வருது மிஸி. வீட்டுப் பக்கத்து கிளினிக்லயே கட்டிக்கிறேன். கிள்ளானுக்கு வரணும்னா மருமகன் லீவு போடணும், பாவம் லா.”

“அன்னிக்கே சொல்லிருக்கலாமே?”

“நீங்க வருவீங்களான்னு கேட்டீங்க. அவ்வளவு அன்பா பாத்த புள்ளைங்ககிட்ட மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படி சொல்றது?”

இன்னும் சிலரும் அப்படித்தான், வீட்டுக்கு அருகில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஓர் ஆன்டி, கிள்ளானிலேயே இருப்பவர், எங்கும் போகவில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். உடனே போனை அவர் மகளிடம் கொடுக்கச் சொல்லி, காலையிலேயே அழைத்து வரச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே மகள் அவரை அழைத்து வந்தாள். புண்ணில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் பார்த்து மருந்து மாற்றினார். காலுக்கு ஆபத்தில்லை என்றார். நான் கட்டுப் போடும்போது ஆன்டி, “ஒரு போனுக்கா இவ்வளவு அலப்பறை?” என்று முனகினார்.

இப்போது எங்கள் வார்டில் யாரையும் ‘வருவீங்களா?’ என்று கேட்பதில்லை. ‘எங்க கட்டிக்கப் போறீங்க?’ என்று கேட்டு, அந்தக் கிளினிக்குக்கு நாங்களே தகவல் அனுப்புகிறோம். கடைசி வகுப்பில் தோழி இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது, அம்பாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தாதி தங்கள் வார்டிலும் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி எங்கள் கேள்விகளை வாங்கிக்கொண்டார். மழை விட்டிருந்தது. வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு மெதுவாக நடந்தோம்.